உறுமல் இருக்கு, தண்ணி இல்லை

வெள்ளிக்கிழமை, காலை ஆறே கால்.
இரவுக் கடமை முடிந்து வந்து
செருப்பைக் கழற்ற முன்னமே சுவிட்சைப் போட்டேன்.
பம்ப் உறுமியது.
கோப்பி வரவேண்டிய மூக்கில்
ஒரே ஒரு துளி,
விழுவதா விடுவதா என்று தொங்கிக்கொண்டு.

உப்புவெளியில் விடுதியை மூடிவிட்டுப் போன ஹைக்கே
இருபத்தெட்டாயிரத்துக்குத் தந்த மெஷின்.
கொண்டுவந்த அன்றே அக்கா கேட்டா:
"உனக்கு ஒரு கேத்தில் காணாதோ?"

முதலில் காற்றைச் சந்தேகித்தேன்.
குழாயில் காற்று நின்றால் பம்ப் சும்மா கத்தும்.
அது என் தொழில்.
ஒரு குமிழிக்கே அலறி நிற்கிற
இரத்தச் சுத்திகரிப்பு மெஷின்களோடு ஒன்பது வருடம்.
ஊசியில்லாத சிரிஞ்சால்
பின்குழாயில் நீர் ஏற்றினேன்.
குளுக் என்றது.
நம்பினேன்.
பிறகும் அதே உறுமல்.

மேல்மூடியைக் கழற்று.
இல்லை, முதலில் பிளக்கைப் பிடுங்கு.
எட்டு ஸ்குரூ, அதில் ரெண்டு கட்டை.
பிரித்து வைக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே
எல்லாவற்றையும் ஒரே பீரிசில் போட்டேன்.
உள்ளே செம்புக் குழாய், சிலிக்கன் குழாய்,
செத்த எறும்பு ஏழெட்டு,
ஹைக்கேயின் காலத்துக் கோப்பித் தூள்.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
வாளியில் அள்ளி ஊற்றினால் முதுகு சொல்லும் எது எதுவென்று.
இந்தக் கைப்பிடி அளவு கொதிகலனுக்கு
ஒரே சூடுதான், தொண்ணூற்று மூன்று,
அதைத் தொட்டறிய ஏலாது.
இரவல் மல்ட்டிமீட்டரின் கம்பியை வைத்தேன்.
ஃபியூஸ் உயிரோடு.
சூடாக்கும் சுருளும் உயிரோடு.
நோயாளிக்கு ஒன்றுமில்லை,
மூத்திரம் மட்டும் போகவில்லை.

ஜும்ஆ முடிந்து வந்தான் இல்ஹாம்,
துறைமுகக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன்.
மெஷினைத் தொடவில்லை, காதைக் கொடுத்தான்.
"பம்ப் நல்லம். எங்கேயோ கழுத்தைப் பிடிச்சிருக்கு."
பிறகு, தலையை நிமிர்த்தாமலே,
"கடல் எஞ்சினுக்கு உப்பு அடைக்கும்.
இதுக்கு என்ன தண்ணி ஊத்தினீங்க மிஸ்ஸி?"

நான் ஸ்குரூ எண்ணுவதுபோல் பீரிசைப் பார்த்தேன்.

வால்வைத் திறந்தான்.
சூடை மீனின் செதில் அளவில்
வெள்ளையாய், வழவழப்பாய்,
வாசலை மறித்துக்கொண்டு ஒரு சுண்ணாம்புத் துண்டு.

எட்டு மாதம்.
பாலையூற்றுக் கிணற்றில் வாளி வாளியாய் அள்ளி
நானேதான் ஊற்றினேன்.
தண்ணீர்த் தாங்கியில் ஹைக்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்,
குழாய்ப் படம், குறுக்கே சிவப்புக் கோடு.
வடிவில்லை என்று
நெயில் பொலிஷ் அழிக்கிற தண்ணி தொட்டுச்
சுரண்டி எடுத்ததும் நான்தான்.

சிற்றிக் அசிட் கரைத்த கோப்பைக்குள்
வால்வு ஒரு மணித்தியாலம் நுரைத்தது.
நைந்துபோன ரப்பர் வளையத்துக்குப் பதிலாக
இல்ஹாமின் டின்னில் மூன்று தேடி
தண்ணி ஃபில்டருக்குரிய ஒன்று பொருந்தியது.
பூட்டினோம்.
ஒரு ஸ்குரூ மிஞ்சியது.
நீளமா கட்டையா என்று பார்க்க எனக்கும் மனமில்லை,
அவனுக்கும்.

முதல் ரெண்டு கோப்பையும் புளித்தது, ஊற்றிவிட்டேன்.
மூன்றாவது, இருபத்தெட்டு செக்கனில்,
எலிவால் தடிப்பில் இறங்கியது.
இல்ஹாம் ஒரே மடக்கில் குடித்து,
மருந்து மாதிரி இருக்கு, ஆனால் நல்ல மருந்து என்றான்.
அக்கா ரெண்டு கரண்டி டின்பால் விட்டுக் கலக்கி
ஒன்றும் சொல்லாமல் குடித்தா.

திங்கள் விடியப்புறம் ஐந்து மணி.
வழக்கம்போல் சுத்திகரித்த தண்ணீரில் சொட்டு விட்டேன்.
நீலம்.
கையெழுத்து வைத்தேன்.
பிறகு கைப்பையிலிருந்து சோடாப் போத்தலை எடுத்து
வீட்டுக் கிணற்றிலும் பரிசோதித்தேன்.
பத்துச் சொட்டு. சிவப்பு.
இருபது. சிவப்பு.
பேனையைத் திறந்து பிடித்தபடி பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன்.
எங்கள் கிணற்றுக்கு
அதில் கட்டம் இல்லை.